மூடினால் அணையும் விளக்கு

முதலில் அதை வெயிலின் வேலை என்றுதான் கோமதிநாயகம் நினைத்தான். லைட்டைப் போட்டுவிட்டு இறங்கிக் காரின் பின்பக்கம் வந்து பார்த்தால், இரண்டு சிவப்புக் கண்ணாடிகளும் ஒன்றும் அறியாதது மாதிரி சும்மா இருக்கின்றன. சாயங்கால வெயில் நேரே அடிக்கிறது, உள்ளே எரிந்தாலும் வெளியே தெரியாது, அவ்வளவுதான், என்று சொல்லிக்கொண்டே குனிந்து, இரண்டு கையையும் குவித்துக் கண்ணாடிமேல் வைத்து உள்ளே பார்த்தான். இருட்டு. அடுத்த பக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் இருட்டு. நெஞ்சு ஒரு தடவை குதித்து இறங்கியது; ஆனால் அந்தக் குதிப்பு காலையிலிருந்தே இருக்கிற குதிப்புத்தான், பல் விளக்கும்போது குதித்தது, சட்டையைத் தேய்க்கும்போது குதித்தது, காரைக் கழுவி முன் கண்ணாடியைத் துடைக்கையில் தன் முகமே அதில் இளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது குதித்தது. இன்றைக்கு அவள் வருகிறாள். செண்பகவல்லி வருகிறாள். கோவில்பட்டிக்குப் போய் அவளை இந்தக் காரில் ஏற்றி, கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்து, அம்மாவுக்குக் காட்டி, சாப்பிட வைத்து, திரும்ப இதே காரில் கொண்டுபோய் விட வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். இருட்டினா என்ன, வாரேன், என்று அவளே சொல்லியிருந்தாள். அவள் வாயிலிருந்து அது வருவது லேசான காரியமா? அவளுடைய புருஷன் எட்டயபுரம் ரோட்டில் பைக்கில் வரும்போது, பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் ஓரத்தில் நின்ற டிரெய்லரில் மோதிப் போனவர். அன்றிலிருந்து கல்யாணமோ சாவோ, வெளிச்சம் இருக்கும்போதே போய் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுகிறவள் அவள். அப்படிப்பட்டவள் வருகிறேன் என்று சொன்ன நாளில் ஹாரன் அடிக்கிறது, வைப்பர் ஓடுகிறது, பாட்டுப் பெட்டி பாடுகிறது, முன் லைட்டு பளீரென்று எரிகிறது. பின்னால் இருக்கிற இந்த இரண்டு மட்டும் எரியவில்லை. சிரிக்கலாமா என்று இருந்தது அவனுக்கு. உண்மையிலேயே ஒரு சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

எப்போதிலிருந்து எரியவில்லை? இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்கலாம். வந்துவிட்டது. காரில் போகிறவனுக்குத் தன் முதுகு எங்கே தெரிகிறது. முன்னால் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தால் பின்னாலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. போன வாரம் கோவில்பட்டியிலிருந்து இவன் திரும்பியது நன்றாக இருட்டிய பிறகுதான். அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற காபிக் கடையில், டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, ஒங்க அம்மாவ நான் பாக்கணும்லா, என்று அவள் கேட்ட வாரம் அது. அந்த 'லா'வை இழுத்தது எப்படி? அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே அவன் வண்டி ஓட்டினான். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கரிசல் காட்டுக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்பவைக்க, தனக்குப் பாட வராது என்பதையும் மறந்து பாடிக்கொண்டு வந்தான். கழுகுமலை தாண்டியதும் பைக்கில் வந்த ஒருவன் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போனான், போகும்போது கையைப் பின்பக்கம் காட்டி என்னவோ கத்தினான். குடித்திருக்கிறான் என்று இவன் நினைத்தான். பெரிய மனது பண்ணி மன்னித்தும் விட்டான். அவன் கை எதைக் காட்டியது? இப்போது அந்தக் கை காருக்குப் பின்னால் நின்று நேரே இந்தச் சிவப்புக் கண்ணாடிகளைக் காட்டியது. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து இரண்டு பேர் மூன்று பேராகப் பைக்கில் திரும்புகிற ரோடு அது. இடையில் ஒரு இடத்தில் போன் வந்ததென்று ஓரமாக நிறுத்தினானே, புளியமரத்தடியில், கும்மிருட்டில், அப்போது பின்னால் யாராவது வந்திருந்தால்? யாரும் வரவில்லை. வரவில்லைதான். ஆனால் அவள் இத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிற அந்த முகம் தெரியாத டிரைவரின் இடத்தில், அவளை நினைத்துப் பாடிக்கொண்டே, அன்று ராத்திரி நானும்தான் உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியது. அடுத்த தெருவில் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வெயில் காம்பவுண்டுச் சுவரில் பாதிக்கு ஏறிவிட்டது. நின்றுகொண்டிருந்தால் ஆகாது, ஆகாது, என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு புதுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு பனியனோடு இறங்கினான்.

பல்பாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் போகுமா? போகும், ஏன் போகாது, ஒன்று முன்னாலேயே போயிருக்கும், கவனித்திருக்க மாட்டேன். டிக்கியைத் திறந்து, ஸ்குரூவைக் கழற்றி விளக்குக் கூட்டை வெளியே இழுத்து, பல்பைத் திருகி எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தான். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை. ஒன்று சும்மா எரிவதற்கு, ஒன்று பிரேக் பிடித்தால் எரிவதற்கு. இரண்டும் அறுபடாமல் தலைமுடி மாதிரி நிற்கின்றன. அடுத்த பக்கத்துப் பல்பும் அப்படியே. இரண்டையும் திரும்பச் செருகினான். "எம்மா! ஒரு நிமிஷம் பின்னால வந்து நில்லுங்க!" என்று கத்தினான். அவன் அம்மா சிவகாமி கேசரிக் கரண்டியோடு வந்து நின்றாள். இவன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். "செவப்பா எரியுதுல்லாய்யா? நல்லாத்தான எரியுது?" "ரெண்டு பக்கமுமா?" "ரெண்டுந்தான். அதுக்கா சட்டையக் கழத்திப் போட்ட? நேரமாகல?" பிரேக் எரிகிறது. அப்படியென்றால் பல்பு நல்ல பல்பு, சாமானும் நல்ல சாமான், ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இருட்டு. நிற்கிறேன் என்று சொல்கிறது, இருக்கிறேன் என்று சொல்லமாட்டேன் என்கிறது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கிற குட்டி விளக்கும் எரியவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டரும் இருண்டு கிடந்தது. இதையெல்லாம் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? அம்மா உள்ளே போய்விட்டாள். இவன் போனை எடுத்தான், வைத்தான், எடுத்தான். சொல்ல வேண்டாம், சரிபண்ணிவிட்டுக் கிளம்பிப் போய், கொஞ்சம் லேட்டாகிவிட்டது என்று சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அவளிடம் மறைக்கக்கூடிய விஷயங்கள் எத்தனையோ இருக்கையில் இதை மட்டும் மறைக்கக் கூடாது என்று வயிற்றுக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாகச் சொன்னது. போட்டுவிட்டான். "செண்பகம், கார்ல பின் லைட்டு எரியல. பாத்துக்கிட்டு இருக்கேன். சரியானாத்தான் எடுத்துட்டு வருவேன். சரியாகலன்னா..." அந்தப் பக்கம் பஸ் ஹாரன், யாரோ பூ விற்கிற சத்தம். பிறகு, "சரி," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

சரி என்றால் என்ன சரி? இந்தச் சொல்லை மாதிரி ஒரு கதவு உலகத்தில் கிடையாது, எந்தப் பக்கம் திறக்கிறது என்றே தெரியாது. சரி, பாருங்க என்கிற சரியா. சரி, நான் நினைச்சது சரிதான் என்கிற சரியா. ராத்திரியும் வேண்டாம் காரும் வேண்டாம் என்று இருந்தேனே, அதுவே சரி என்கிற சரியா. அந்த ஒரு சொல்லை நாக்கின் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே மெக்கானிக் சேக் மைதீனுக்குப் போன் போட்டான். அவர் கடையநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்; பின்னால் பெரிய இரைச்சல். "பிரேக்கு எரியுதா? அப்ப ஃபியூஸப் பாருங்கண்ணே, ஃபியூஸு!" என்று கத்தினார், யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட, அத்தோடு போன் அறுந்தது. ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்கு அடியில், ஒரு மனிதன் பார்க்கக்கூடாது என்றே ஒளித்துவைத்த இடத்தில் இருந்தது. காலை வெளியே நீட்டி, தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் கொடுத்து, மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் ஒன்று தோன்றி, எழுந்து ஓடி, வேலைப் பெட்டியிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டி வட்டக் கண்ணாடியையும் இடுக்கியையும் எடுத்துவந்தான். ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவன் அவன். நாற்பத்தைந்து வயதுக்குள் எத்தனையோ பேருக்குச் சிரிப்புச் செய்து கொடுத்திருக்கிறான். அந்தச் சிரிப்புகளை யார் முகத்திலும் பார்த்ததில்லை, எல்லாம் முன்னறையோடு போய்விடும். பின்னறைக்குள் வந்த ஒரே ஆள் செண்பகவல்லிதான். அவள் அப்பாவுக்குப் பல் செட் பொருத்திப் பார்த்த அன்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நீங்கதான் செய்யுறதா? ரொம்ப அழகா இருக்கு. ஆனா எங்க அப்பா இது இல்ல. அவுகளுக்கு முன்பல்லு ஒண்ணு லேசாத் திரும்பி இருக்கும். கொஞ்சம் கோணலாப் பண்ணித் தர முடியுமா?" அவனிடம் எல்லாரும் நேராகக் கேட்டார்கள், வெள்ளையாகக் கேட்டார்கள். கோணலாகக் கேட்டவள் அவள் ஒருத்தி. அந்த ஒரு பல்லைத் திருப்பிவைக்க அவன் பட்ட பாடு, பார்த்துப் பார்த்து மெழுகை இளக்கித் திருப்பியது, கடைசியில் அந்தக் கிழவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஏ நான்தான்டே என்று சொன்னதாக அவள் வந்து சொன்னது, சொல்லும்போது அவள் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தான். பார்த்த முதல் சிரிப்பு. கண்ணாடிக்குள் வரிசையாக ஃபியூஸ்கள் தெரிந்தன, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, இரண்டு வேர் உள்ள கடைவாய்ப் பற்கள் மாதிரி. மூடியில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, இடுக்கியால் ஒன்றைப் பிடித்து ஆட்டி இழுத்தான். வந்தது. நடுவில் கறுப்பாகக் கருகியிருந்தது. கருகியிருந்தது! எழுந்து உட்காரும்போது ஸ்டீயரிங்கில் மண்டை இடித்தது தெரியவே இல்லை. மூடிக்குள் மாற்று ஃபியூஸ்கள் செருகியிருந்தன. ஒன்றை எடுத்து அழுத்தி, சுவிட்சைப் போட்டு, பின்னால் ஓடினான். இரண்டு சிவப்பு. சுவர் நிழலில் இரண்டு சிவப்பும் பழுத்துக் கனிந்து எரிந்தன. "எம்மா, வந்துட்டும்மா!" என்று உள்ளே பார்த்துக் கத்தி, கையைத் தட்டி, பழந்துணியையும் ஸ்குரூ டிரைவரையும் டிக்கிக்குள் வீசி, டிக்கியைப் படாரென்று சாத்தினான். விளக்கு அணைந்தது.

அணைந்ததை அவன் கண் நம்பவில்லை. இல்லை, இப்போது எரிந்ததே, கனவா. திரும்ப மல்லாக்கப் படுத்தான், திரும்பக் கண்ணாடி, திரும்ப இடுக்கி. புது ஃபியூஸும் கருகிக் கிடந்தது. இன்னொன்றைப் போட்டான். பின்னால் வந்து பார்த்தான், இல்லை. அதுவும் கருகிவிட்டது, மீதி ஒன்றே ஒன்று. வெயில் சுவரைத் தாண்டி மாடிக்கு ஏறிவிட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. இப்போது அவள் என்ன செய்துகொண்டிருப்பாள், அந்த மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டியிருப்பாளா, கட்டிவிட்டு இந்த 'சரி'யைச் சொல்லி அதை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாளா? போகட்டும், நாளைக்குப் பகலில் போய் நின்றால் போகிறது. இல்லை, நாளை என்று ஒன்று வந்தால் அவளுக்குள் திறந்தது மூடிக்கொள்ளும், எனக்குத் தெரியும், இத்தனை வயதில் எனக்குள்ளேயே எத்தனை மூடிக்கொண்டது. மூடிக்கொள்ளும். மூடினால். அந்தச் சொல்லில் மனது துணி ஆணியில் மாட்டியது மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. முதல் தடவை எரிந்தபோது டிக்கி எப்படி இருந்தது? திறந்திருந்தது, பல்பைக் கழற்றத் திறந்தது திறந்தபடியே. சாத்தினதும் அணைந்தது. இரண்டாவது ஃபியூஸ் போட்டபோது? சாத்தியே இருந்தது, அதனால்தான் எரியவே இல்லை. கோமதிநாயகம் டிரைவர் சீட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் அப்படியே ஆணியடித்தது போல் இருந்தான். வாயைத் திறந்திருந்தால் வலிக்கவில்லை சார், மூடினால்தான் சுருக்கென்று குத்துது. பின்னறையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக முன்னறையிலிருந்து அவன் கேட்ட குரல்கள் எல்லாம் இதைத்தானே சொல்லின? மூடும்போது வலித்தால் மேலுக்கும் கீழுக்கும் நடுவில் எதுவோ கடிபடுகிறது. கடிபடுகிறது! டிக்கியைத் திறந்து கீலைப் பார்த்தான். மேல்மூடிக்குப் போகிற வயர்க் கட்டு, நம்பர் பிளேட் விளக்குக்குப் போவது, கீலுக்குப் பக்கத்தில் வளைந்து ஏறியது. அதன் ரப்பர் உறை வெடித்திருந்தது. வட்டக் கண்ணாடியை வளைவுக்கு அடியில் நீட்டினான். அங்கே, திறந்து மூடித் திறந்து மூடித் தேய்ந்த இடத்தில், ஒரு வயர் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. மூடினால் அது தகரத்தில் படுகிறது, பட்டால் ஃபியூஸ் போகிறது, ஃபியூஸ் போனால் பின்னால் இருட்டு. இவ்வளவுதானா? இவ்வளவுதான்! ஒரு நெல் நீளத்துக்குத் தோல் உரிந்த ஒரு வயர். இதற்குள்தான் போன வாரத்து ராத்திரி முழுதும் ஒளிந்துகொண்டிருந்தது. சத்தம்போட்டுச் சிரித்தான், கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தான், டிக்கிக்குள் தலையையும் இரண்டு கையையும் கொடுத்து, ஒரு நோயாளியின் வாய்க்குள் வேலை செய்கிறவனின் பொறுமையோடு அந்த இடத்தைச் சுற்றத் தொடங்கினான்.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்று போனது அவன் காதில் விழுந்தது, ஆனால் அது வேறு யார் வீட்டுக்கோ என்று இருந்தது. கேட் கிறீச்சிட்டது. "வணக்கம்மா, நான் செண்பகவல்லி." அம்மா படியிறங்கி வருகிற செருப்புச் சத்தம், "வாங்க, வாங்க, அவன் கூப்பிடப் போறேன்னுல்லா சொன்னான், தனியாவா வந்தீக?" "பஸ்ஸுல வந்துட்டேன். வெளிச்சம் இருக்கையில வந்துரலாம்னு." அவன் தலையைத் தூக்கினான், டிக்கி மூடியில் இடித்துக்கொண்டான், இந்தத் தடவை வலித்தது. பனியனும் கிரீஸும், வாயில் தொங்குகிற டேப்புமாக அவன் நிற்க, அவள் காரின் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தாள். வர வேண்டாம், இந்தப் பக்கம் வர வேண்டாம், என்று சொல்ல வாயெடுத்தான். அணைந்து கிடக்கிற இந்தப் பின்பக்கத்தை அவள் பார்க்கக் கூடாது. இத்தனை வருஷமாக எந்த இருண்ட டிரெய்லரை அவள் கண்ணால் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தாளோ அதை நானே கொண்டுவந்து நிறுத்தினதாக ஆகக் கூடாது. அதற்குள் அவள் வந்துவிட்டாள். இருண்ட இரண்டு கண்ணாடிகளுக்கும் நேர் எதிரே நின்றாள். சேலை மாம்பழக் கலர் இல்லை, பச்சை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தறிச் சத்தம் நின்று போனது மாதிரி இருந்தது, நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவனால் படிக்க முடியவில்லை. பயமா, கோபமா, அழப்போகிறாளா? அவள் குனிந்து இடது பக்கக் கண்ணாடியை விரலால் தொட்டாள், சூடாக இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. "என்னதான் கோளாறு?" என்று கேட்டாள். ஆசிரியைக் குரல். அவன் சொன்னான். வயர், கீல், மூடினால் படுவது, ஃபியூஸ் கருகுவது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில், முன்னும் பின்னுமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். போன வாரம் ராத்திரி இப்படியேதான் வந்தேன் போலிருக்கு என்பதையும் சொன்னான். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு கைப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, "இப்ப சரியா? அப்ப நீங்க மூடுங்க. நான் சுவிட்சப் போடுதேன்," என்றாள்.

கடைசி ஃபியூஸ். அதை அழுத்திச் செருகினான். அவன் விலகிக்கொள்ள, அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எந்த சுவிட்ச் என்று கேட்டாள், காட்டினான், போட்டாள். பின்னால் வந்தான். டிக்கி திறந்திருக்க, இரண்டு பக்கமும் எரிந்தது. இது பெரிதில்லை, இதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். மூட வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் டிக்கியின் மேல் வைத்தான், தகரம் இன்னும் வெயிலைப் பிடித்துவைத்துச் சுட்டது. மூடாமல் இப்படியே இருந்துவிடலாமா? டிக்கியைத் திறந்தபடியே கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு போனால் என்ன? எரிந்துகொண்டுதானே இருக்கும்? இல்லை. வானத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, வேப்பமரத்தில் காக்கைகள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன, காரின் உட்கண்ணாடியில் அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன, அவை அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினான். டக் என்று பூட்டு விழுந்தது. அவன் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. திறந்தான். பனியன் சிவப்பாக இருந்தது. கை சிவப்பாக இருந்தது. பின்னால் சுண்ணாம்புச் சுவர், அதில் விழுந்த அவன் நிழலைச் சுற்றி எல்லாம் சிவப்பாக இருந்தது. டிக்கியைத் திறந்து மறுபடி மூடினான், திறந்து மூடினான், ஓங்கிச் சாத்தினான். நின்றது. அணையாமல் நின்றது. அவளே கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில், தோளுக்குத் தோள் ஒட்டாத தூரத்தில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கன்னத்திலும் அந்தச் சிவப்பு விழுந்தது. கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மா தட்டில் கேசரியோடு வாசல்படிக்கு வந்து நின்றாள். அங்கிருந்து அவளுக்குக் காரின் மூஞ்சிதான் தெரிந்தது. "என்னய்யா, சரியாயிட்டா இல்லையா? ரெண்டு பேரும் என்னத்தப் பாத்துட்டு நிக்கிய?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் செண்பகவல்லி காருக்குப் பின்னாலிருந்து தலையை எட்டி நீட்டிச் சொன்னாள்.

"எரியுது அத்தை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போலிருந்தது. கையை வாயருகே கொண்டுபோனாள், ஆனால் பொத்தவில்லை. சிவகாமி தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு படியிறங்கி, நேரே காரைச் சுற்றி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வா," என்றாள், வாங்க இல்லை. இரண்டு பேரும் அவனை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்கள். கோமதிநாயகம் கறுப்பு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சுவிட்சை அணைக்க வேண்டும், பேட்டரி இறங்கிவிடும், கோவில்பட்டி வரைக்கும் போய்வர வேண்டும். தெரிந்தும் அவன் அணைக்கவில்லை. தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.